ஆம் என்றும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது என்றால் கணிதத்தில் என்ன அர்த்தம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். நீங்கள் மூலக்கூறு செல் உயிரியலில் பிஎச்.டி. செய்கிறீர்கள். அறைத்தோழர் கணிதம், அதில் அனாலிசிஸ் பக்கம், அதாவது சார்புகள், எல்லைகள், முடிவில்லாத தொடர்கள் பற்றிய பிரிவு. பேச்சுவாக்கில் அவர், "எங்கள் துறையில் சில கேள்விகளுக்கு ஆம் என்றும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது, அப்படி முடியாது என்பதையே நிரூபித்துவிட்டார்கள்" என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அது உறுத்துகிறது. ஒரு புரதம் செல் சவ்வைத் தாண்டுகிறதா என்று கேட்டால் பதில் நமக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் பதில் என்று ஒன்று எங்கோ இருக்கிறது. பதிலே இல்லாத கேள்வியை ஆராய்வது என்ன ஆராய்ச்சி என்று கேட்கிறீர்கள். கூடவே இரண்டு சந்தேகங்கள்: இந்தக் கோளாறு, சிக்னலை அலைகளாகப் பிரிக்க நீங்கள் தினமும் நம்பிப் பயன்படுத்தும் ஃபூரியர் கணக்கு வரைக்கும் வந்துவிடுமா, அப்புறம் உங்கள் நண்பர் நாலைந்து வருஷம் செலவழித்த பிறகு அவருடைய கேள்வியும் இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வார். கடைசிக் கேள்விதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதல் இரண்டைத் தாண்டாமல் அதற்குப் போக முடியாது.

நான் ஹார்மானிக் அனாலிசிஸில் ஆராய்ச்சி செய்தவன், பிறகு பல வருஷமாக எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு ரியல் அனாலிசிஸும் அளவைக் கோட்பாடும் நடத்துகிறவன். செட் தியரியில், அதாவது கணங்களைப் பற்றிய கோட்பாட்டில், ஆராய்ச்சி செய்ததில்லை, தேவைப்பட்ட அளவுக்குப் படித்துக்கொண்டேன். அதனால் கீழே அனாலிசிஸ் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாகவே சொல்கிறேன். செட் தியரிக்காரர்களின் உள்விவாதங்களில் நான் சொல்வதை ஒரு வெளியாளின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். "பதில் இல்லை" என்று யாரும் நிரூபிக்கவில்லை. "இந்த விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது" என்றுதான் நிரூபித்திருக்கிறார்கள். பள்ளி வடிவியலில் முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று படித்தோம். அதற்கு யூக்ளிடின் இணைகோட்டு விதி வேண்டும். அந்த ஒரு விதியை எடுத்துவிட்டு, மற்ற விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு கூடுதல் 180 தானா என்று கேட்டால் ஆம் என்றும் நிரூபிக்க முடியாது, இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. மற்ற விதிகள் எல்லாம் சரியாக நடக்கிற ஒரு தளத்தில் 180 வருகிறது, அதே விதிகள் நடக்கிற இன்னொரு தளத்தில் 180-க்குக் குறைகிறது. இரண்டு தளத்தையும் கட்டிக்காட்டினால் வேலை முடிந்தது. இதை யாரும் வடிவியலின் தோல்வி என்று சொல்வதில்லை. செட் தியரியில் நடந்ததும் வடிவத்தில் இதேதான், கட்டுவதுதான் பயங்கரக் கடினம். உங்கள் புரதக் கேள்வியோடு இதை ஒப்பிடுவதில்தான் சிக்கல்: செல் ஒன்று நிஜமாக அங்கே இருக்கிறது, அதைக் கேட்கலாம். கணிதத்தில் "எல்லாக் கணங்களும்" என்ற உலகம் அப்படித் தனியாக இருக்கிறதா, இருந்தால் ஒன்றுதானா என்பதே விவாதம். அந்த விவாதத்தைப் பிறகு தொடுகிறேன், அது நிரூபணமாகாத பகுதி.

இந்தச் செட் தியரி எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் உங்கள் நண்பர் ஏன் இதில் மாட்டிக்கொண்டார் என்று புரியும். பலர் நினைப்பதுபோல் அது தத்துவவாதிகள் வெளியிலிருந்து கொண்டுவந்து கணிதத்தின் மேல் ஏற்றிய சரக்கு இல்லை. அசல் அனாலிசிஸ் கேள்வி ஒன்றிலிருந்து வந்தது, அதுவும் ஃபூரியர் தொடர் கேள்வி. 1869-இல் கியோர்க் கேன்டர் ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்துக்கு இளம் ஆசிரியராக வருகிறார். அங்கே மூத்தவர் எட்வர்ட் ஹைனே. அவர் கேன்டரிடம் கொடுத்த கேள்வி இது: சைன், கோசைன் அலைகளை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போகும் ஒரு தொடர், எல்லாப் புள்ளிகளிலும் பூச்சியத்துக்குக் குவிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் கெழுக்கள் எல்லாமே பூச்சியமாகத்தான் இருக்க வேண்டுமா? வேறு விதமாகக் கேட்டால், ஒரு சார்பை இப்படி அலைகளாகப் பிரித்தால் அந்தப் பிரிப்பு ஒன்றுதானா, இல்லை இரண்டு விதமாகப் பிரிக்க முடியுமா? நீங்கள் ஒரு சிக்னலை அதிர்வெண்களாகப் பிரித்துப் படம் போடும்போது "இந்தப் பிரிப்பு ஒன்றுதான்" என்று கேட்காமலே நம்புகிறீர்கள் இல்லையா, அந்த நம்பிக்கைக்கு அடியில் இருக்கும் கேள்வி இது.

1870-இல் கேன்டர் "ஆம், ஒன்றுதான்" என்று நிரூபித்தார். ரீமான் விட்டுச்சென்ற ஒரு உத்தி, அதாவது தொடரை இரண்டு முறை தொகையீடு செய்து நன்றாக நடந்துகொள்ளும் சார்பாக மாற்றிக்கொள்வது, அதற்கு உதவியது. பின்னாளில் கேன்டரைக் கடுமையாக எதிர்த்த க்ரோனெக்கரே இந்தக் கட்டத்தில் நிரூபணத்தை எளிதாக்க யோசனை சொல்லியிருக்கிறார், அது ஒரு வேடிக்கை. அதோடு நிறுத்தியிருந்தால் கேன்டர் இன்று ஒரு நல்ல அனாலிசிஸ் ஆள் என்று மட்டும் தெரிந்திருப்பார். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: எல்லாப் புள்ளிகளிலும் குவிய வேண்டுமா, சில புள்ளிகளில் என்ன நடக்கிறது என்றே தெரியாவிட்டாலும் பரவாயில்லையா? சில என்றால் எத்தனை? பத்துப் புள்ளி என்றால் பரவாயில்லை. முடிவில்லாத எண்ணிக்கை என்றால்? அங்கே புள்ளிகள் எப்படி நெருக்கிக்கொண்டு நிற்கின்றன என்பதுதான் முக்கியம் என்று கண்டுபிடித்தார். 1, 1/2, 1/3, 1/4 என்று போகும் புள்ளிகளை எடுத்தால் அவை பூச்சியத்தை நோக்கி நெருங்குகின்றன. அந்தப் பூச்சியம் எல்லைப் புள்ளி. ஒரு கணத்தின் எல்லைப் புள்ளிகளை மட்டும் எடுத்துப் புதுக் கணம் செய்யலாம், அதன் எல்லைப் புள்ளிகளை எடுத்து இன்னொரு கணம் செய்யலாம், இப்படியே. ஏதோ ஒரு படியில் கணம் காலியாகிவிட்டால் அந்த விதிவிலக்குப் புள்ளிகளால் ஆபத்து இல்லை, பிரிப்பு ஒன்றுதான் என்று 1872-இல் நிரூபித்தார். மெய்யெண் என்றால் என்ன என்று துல்லியமாக வரையறுக்க வேண்டிய அவசியமும் அவருக்கு அதே கட்டுரையில்தான் வந்தது.

எந்தப் படியிலும் காலியாகாமல் இருந்தால்? எல்லாப் படிகளுக்கும் பொதுவாக மிஞ்சும் புள்ளிகளை எடுக்கலாம், அது "முடிவிலிப் படி". அதன் எல்லைப் புள்ளிகளை எடுத்தால் முடிவிலிக்கு அடுத்த படி. அதற்கும் அடுத்தது. முடிவிலிக்குப் பிறகும் எண்ணிக்கொண்டே போகும் இந்தப் பழக்கம் இங்கேதான் தொடங்கியது, எந்தத் தத்துவப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த வருஷம், 1873 டிசம்பரில், கணித நண்பர் டெடெகின்டுக்கு எழுதிய கடிதத்தில் மெய்யெண்களை இயல் எண்களோடு ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்க்க முடியாது என்று நிரூபணத்தோடு சொன்னார். கல்யாண மண்டபத்தில் ஆட்களையும் நாற்காலிகளையும் எண்ணத் தேவையில்லை, எல்லோரும் உட்கார்ந்து ஒரு நாற்காலியும் மிஞ்சவில்லை என்றால் சமம் என்று தெரிந்துவிடும்; முடிவிலிகளை ஒப்பிட அந்த ஜோடி சேர்க்கும் முறை ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது. அந்த முறையில் 1, 2, 3 என்று வரிசை போட முடிகிற முடிவிலியை எண்ணத்தக்கது என்கிறோம். மெய்யெண்கள் அதைவிடப் பெரியவை. எல்லோருக்கும் தெரிந்த மூலைவிட்ட நிரூபணம் 1891-இல் வந்தது, முதல் நிரூபணம் அது இல்லை. பாடப்புத்தகங்கள் பல இதைக் குழப்பிவிடுகின்றன.

சரி, இயல் எண்களின் முடிவிலிக்கும் மெய்யெண்களின் முடிவிலிக்கும் நடுவே இன்னொன்று உண்டா? இல்லை என்று கேன்டர் ஊகித்தார், நிரூபிக்கப் பல வருஷம் முயன்றார், முடியவில்லை. இதுதான் கன்டின்யூம் கருதுகோள், இனி கருதுகோள் என்றே சொல்கிறேன். 1938-இல் கர்ட் கோடல், கணங்களின் ஒரு மெலிந்த உலகத்தைக் கட்டினார். படிப்படியாக வரையறுத்துக் காட்ட முடிகிற கணங்கள் மட்டுமே அதில் இருக்கும். வழக்கமான விதிகள் எல்லாம் அங்கே நடக்கின்றன, கருதுகோளும் உண்மை. ஆகவே விதிகளை வைத்து அதைப் பொய்யென்று நிரூபிக்க முடியாது. 1963-இல் பால் கோஹென் எதிர்ப்பக்கம் போனார். ஓர் உலகத்தை எடுத்து, விதிகள் எதுவும் உடையாதபடி அதில் புதிய மெய்யெண்களை ஏராளமாகச் சேர்த்து, கருதுகோள் பொய்யாகிற உலகத்தைக் கட்டினார். ஆகவே உண்மை என்றும் நிரூபிக்க முடியாது. இரண்டுமே "வழக்கமான விதிகள் ஒன்றுக்கொன்று முரண்படாதவை என்றால்" என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை, ஆனால் அதை நடைமுறையில் சந்தேகிக்கும் கணிதக்காரர்கள் மிகக் குறைவு.

இந்தக் கோஹென் யார் தெரியுமா? செட் தியரி ஆளே இல்லை. சிகாகோவில் ஆன்டனி சிக்மண்டிடம் படித்த அனாலிசிஸ் மாணவர். 1958-இல் அவர் முடித்த முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பே திரிகோணமிதித் தொடர்களின் ஒருமை பற்றியது, ஹைனே கேன்டருக்குக் கொடுத்த அதே கேள்வியின் வாரிசு. ஒரே கேள்வியிலிருந்து கிளம்பிய இருவரில் ஒருவர் கருதுகோளை எழுப்பினார், 85 வருஷம் கழித்து மற்றவர் அதற்கு விடை சொன்னார், 1966-இல் ஃபீல்ட்ஸ் பதக்கமும் வாங்கினார். தற்செயல்தான், பெரிதாக அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். ஆனால் அனாலிசிஸும் செட் தியரியும் சம்பந்தமில்லாதவை என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி கருதுகோள் நிஜமாகவே ஓர் அனாலிசிஸ் கேள்விக்குள் எப்படி நுழைகிறது என்று காட்டுகிறேன். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு, முழு வாதமும் இந்தப் பதிலுக்குள் அடங்கிவிடும். 1960-களின் தொடக்கத்தில் ஜான் வெட்சல் கேட்டது. கலப்பெண் தளம் முழுக்க வரையறுக்கப்பட்ட பகுமுறைச் சார்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குத் தொடராக எழுத முடிகிற, மிக ஒழுங்கான சார்புகள் என்று நினைத்தால் போதும். அவற்றைப் பற்றி ஒரே ஒரு உண்மை தேவை: வெவ்வேறான இரண்டு பகுமுறைச் சார்புகள் அதிகபட்சம் எண்ணத்தக்க அளவு புள்ளிகளில்தான் ஒத்துப்போகும். இப்போது அப்படிப்பட்ட சார்புகளின் ஒரு குடும்பம் இருக்கிறது. எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் குடும்பத்தினர் எல்லோரும் சேர்ந்து எடுக்கும் மதிப்புகள் எண்ணத்தக்கவைதான். அப்படியானால் குடும்பமே எண்ணத்தக்கதா? கேள்வியில் முடிவிலிகளின் ஏணி எதுவும் தெரியவில்லை பாருங்கள், எந்த எம்.எஸ்ஸி. மாணவரும் வீட்டுப்பாடம் என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார்.

1964-இல் பால் எர்டோஸ் சொன்ன பதில்: கருதுகோள் பொய் என்றால் ஆம், உண்மை என்றால் இல்லை. முதல் பாதி சுலபம். குடும்பம் எண்ணத்தக்கதில்லை என்று வைத்து, அதிலிருந்து எண்ணத்தக்கதற்கு அடுத்த அளவில், அதாவது அலெஃப்-1 அளவில், சார்புகளை எடுங்கள். அவற்றில் ஒவ்வொரு ஜோடியும் ஒத்துப்போகும் புள்ளிகளைக் குறித்துவையுங்கள். ஜோடிகளும் அலெஃப்-1 தான், ஒவ்வொன்றுக்கும் எண்ணத்தக்க புள்ளிகள், ஆக மொத்தம் அலெஃப்-1 புள்ளிகளுக்கு மேல் குறிக்கப்படாது. கருதுகோள் பொய் என்றால் தளத்தில் அதைவிட அதிகப் புள்ளிகள் உண்டு, எனவே குறிக்கப்படாத ஒரு புள்ளி மிஞ்சும். அங்கே எந்த இரண்டு சார்பும் ஒத்துப்போகாது, அதனால் அலெஃப்-1 மதிப்புகள் வந்துவிடும், எண்ணத்தக்கது என்ற நிபந்தனை உடைந்தது. கருதுகோள் உண்மை என்றால் கதை மாறுகிறது. தளத்தின் எல்லாப் புள்ளிகளையும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் எண்ணத்தக்க அளவு புள்ளிகளே வருகிற மாதிரி வரிசைப்படுத்தலாம். பிறகு சார்புகளை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும்: புதிதாக வரும் சார்பு, தனக்கு முந்தைய புள்ளிகளில் எல்லாம் விகிதமுறு ஆயங்கள் கொண்ட மதிப்புகளை மட்டும் எடுக்க வேண்டும், முந்தைய சார்புகள் எல்லாவற்றிலிருந்தும் வேறுபடவும் வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணத்தக்க நிபந்தனைகளே இருப்பதால், மிகச் சிறிய திருத்தங்களைக் கொண்ட ஒரு தொடரைக் கூட்டி இதைச் செய்துவிடலாம். முடிவில் சார்புகள் எண்ணத்தக்கதைத் தாண்டிவிடும், ஆனால் எந்தப் புள்ளியிலும் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் விகிதமுறு மதிப்புக்குள்ளேயே அடங்கியிருப்பார்கள். நிரூபணம் இரண்டு பக்கம்கூட வராது. உங்கள் நண்பரிடம் இதைக் காட்டச் சொல்லுங்கள், அரைமணி நேரத்தில் காட்டிவிடுவார்.

ஆக வெட்சலின் கேள்விக்கு வழக்கமான விதிகளுக்குள் பதில் கிடையாது. ஆனால் நமக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியும் கருதுகோளும் ஒரே விஷயம் என்று தெரிந்துவிட்டது. என்னைக் கேட்டால் வெறும் ஆம், இல்லையைவிட இது அதிகத் தகவல்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: இது ஃபூரியர் கணக்கு வரை வருமா? வராது, இதை உறுதியாகவே சொல்கிறேன். முதல் காரணம் அற்பமானது. உங்கள் நுண்ணோக்கிப் படத்தில் இருப்பவை முடிவுள்ள எண்ணிக்கையிலான பிக்சல்கள், கணினி செய்வது முடிவுள்ள கூட்டல். அங்கே குவிகிறதா என்ற கேள்வியே எழாது. படிக எக்ஸ்-கதிர் ஆய்விலும் ஒரு பெரிய ஆனால் முடிவுள்ள ஃபூரியர் கூட்டல்தான். 1971-இல் ஜி.என். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் எக்ஸ்-கதிர் நிழல்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை மீட்க வழி சொன்னார்களே, அதில் ஃபூரியர் மாற்றத்தைத் தவிர்த்துவிட்டு நேரடியாகக் கன்வல்யூஷன் செய்வதுதான் விஷயம், அதுவும் கணினியில் எண்களைக் கூட்டிப் பெருக்குவதுதான். செட் தியரியின் எந்த உலகத்தில் நாம் இருந்தாலும் இவை மாறாது.

இரண்டாவது காரணம் ஆழமானது, அதை ஒரு தேற்றமாகவே சொல்லலாம். 1961-இல் ஜோசஃப் ஷோன்ஃபீல்ட் நிரூபித்ததன் சாரம் இது: ஒரு கூற்று போதிய அளவு எளிய வடிவில் இருந்தால் கோடலின் மெலிந்த உலகத்திலும் முழு உலகத்திலும் அதன் உண்மை ஒன்றுதான். எளிய வடிவம் என்றால் முழு எண்களைப் பற்றிய கூற்றுகள், அல்லது "எந்த மெய்யெண்ணை எடுத்தாலும் அதற்கு ஏற்ற இன்னொரு மெய்யெண் இருக்கிறது, ஏற்றதா என்பதை முழு எண்களை வைத்தே சரிபார்க்கலாம்" என்ற மாதிரியான கூற்றுகள். இது குறுகலாகத் தெரியும். ஆனால் ஒரு தொடர்ச்சியான சார்பையே ஒற்றை மெய்யெண்ணில் பொதிந்து வைக்க முடியும் என்பதால் அன்றாட அனாலிசிஸின் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடுகிறது. பகா எண்களின் பரவலோடு தொடர்புடைய, இன்னும் நிரூபிக்கப்படாத ரீமான் கருதுகோளும் வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட கூற்று ஒன்றைக் கன்டின்யூம் கருதுகோளையோ தேர்வு ஆக்சியத்தையோ (ஆக்சியம் என்றால் நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் அடிப்படை விதி) பயன்படுத்தி நிரூபித்திருந்தால், அவை இல்லாமலும் நிரூபணம் உண்டு. கோஹென் செய்ததுபோல் மெய்யெண்களைச் சேர்த்து இந்தக் கூற்றுகளை ஆட்டிப்பார்க்கவும் முடியாது. ஒரு எச்சரிக்கை: 1931-இல் கோடல் நிரூபித்த முழுமையின்மைத் தேற்றம் வேறு விஷயம். அந்த வகையில் முழு எண் கூற்று ஒன்றேகூட நிரூபிக்க முடியாததாக இருக்கலாம், ரீமான் கருதுகோள் அப்படியாக இருக்க வாய்ப்பே இல்லை என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. உங்கள் நண்பர் சொன்னது இந்த வகையா அந்த வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்.

கேன்டரின் அசல் கேள்வி என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் "விடை கிடைக்காது" என்பதில் இன்னொரு ரகம் அங்கே இருக்கிறது. எந்த விதிவிலக்குக் கணங்கள் ஆபத்தில்லாதவை? அவற்றை ஒருமைக் கணங்கள் என்போம். எண்ணத்தக்க கணம் எதுவானாலும் ஒருமைக் கணம்தான் என்று 1909 வாக்கில் தெரிந்துவிட்டது. நீளம் பூச்சியமாக இருந்தாலே போதும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், 1916-இல் ரஷ்யாவின் மென்ஷோவ் அதை உடைத்தார். இன்னும் நுணுக்கமானது 1955-இல் சலெமும் சிக்மண்டும் காட்டியது. ஒரு கோட்டுத் துண்டின் நடு மூன்றில் ஒரு பங்கை வெட்டியெடுங்கள், மிஞ்சிய இரண்டிலும் அதேபோல் வெட்டுங்கள், முடிவில்லாமல் செய்யுங்கள்; கிடைப்பது கேன்டர் கணம், அது ஒருமைக் கணம். மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் நடு ஐந்தில் ஒரு பங்கை வெட்டினால் கிடைப்பது ஒருமைக் கணம் இல்லை. இரண்டின் நீளமும் பூச்சியம், பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் எண் கோட்பாட்டில் இருக்கிறது: மிஞ்சும் ஒவ்வொரு துண்டின் விகிதத்தைத் தலைகீழாக்கினால் முதலில் 3 வருகிறது, இரண்டாவதில் 2.5 வருகிறது. 3 பிசோ–விஜயராகவன் எண், 2.5 அப்படி இல்லை. அடுக்கு ஏற ஏற முழு எண்ணை மேலும் மேலும் நெருங்கிப்போகிற ஒரு தனி வகை எண்கள் இவை. பொன் விகிதமும் அதில் ஒன்று, அதன் பத்தாவது அடுக்கு 122.99187. இந்தப் பெயரில் உள்ள விஜயராகவன் நம்மூர்க்காரர்தான், ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் படித்துவிட்டு வந்தவர், அழகப்பச் செட்டியார் சென்னையில் தொடங்கிய ராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநர். கணிதம் எம்.எஸ்ஸி. முடித்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது, எனக்கு அதில் கொஞ்சம் ஆதங்கம் உண்டு.

இவ்வளவு அழகான விடை கிடைத்ததும், எல்லா மூடிய கணங்களுக்கும் இப்படி ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கும் என்று நம்பினார்கள். 1980-களில் சோலவேயும் காஃப்மனும் தனித்தனியாக அதை முடித்துவைத்தார்கள்: மூடிய ஒருமைக் கணங்கள் எல்லாவற்றின் தொகுப்பு போரல் வகையிலேயே அடங்காது. சாதாரணமாகச் சொன்னால், எண்ணத்தக்க அளவு எளிய சோதனைகளை அடுக்கி "இது ஒருமைக் கணம், இது இல்லை" என்று பிரித்துவிடும் அளவுகோல் எதுவும் கிடையாது. இதில் எந்த உலகத்தில் நிற்கிறோம் என்ற சிக்கலே இல்லை. ஒவ்வொரு கணத்துக்கும் திட்டவட்டமான பதில் உண்டு, பொதுவான எளிய செய்முறைதான் இல்லை. இந்த முடிவைச் சொல்வதற்கான மொழியையே செட் தியரிதான் கொடுத்தது.

இனி நண்பரின் விஷயம். அவருடைய கேள்வி இப்படி ஆகிவிடுமா? அவர் எதில் வேலை செய்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். ஆபத்தான இடங்களுக்குச் சில அறிகுறிகள் உண்டு. கேள்வியில் "எந்தக் கணத்தை எடுத்தாலும்", "எந்தச் சார்பை எடுத்தாலும்" என்று எந்த ஒழுங்கு நிபந்தனையும் இல்லாமல் வந்தால் கவனிக்க வேண்டும். வெளி மிகப் பெரியதாக, அதாவது எண்ணத்தக்க ஓர் அடர் கணம்கூட இல்லாததாக இருந்தாலும் அப்படியே. பகுதி வேற்றுமைச் சமன்பாடுகள், ஃபூரியர் தொடரின் குவிதல், எண் கோட்பாட்டை ஒட்டிய அனாலிசிஸ் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆப்பரேட்டர் இயற்கணிதம், அதாவது முடிவில்லாப் பரிமாண அணிகளைப் போன்றவற்றை ஆராயும் பிரிவு என்றால் கொஞ்சம் விசாரிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே நிஜமாகவே நடந்திருக்கிறது. பிரவுன், டக்ளஸ், ஃபில்மோர் மூவரும் 1970-களில் கேல்கின் இயற்கணிதத்தைப் பற்றி ஒரு கேள்வியை விட்டுச்சென்றார்கள்: அதன் தன்னுருமாற்றங்கள், அதாவது அமைப்பைக் குலைக்காமல் அதைத் தன்மீதே மாற்றும் வழிகள், எல்லாமே உள்ளிருந்து வருபவைதானா? 2007-இல் ஃபிலிப்ஸும் வீவரும் கருதுகோள் உண்மை என்றால் இல்லை என்றார்கள். 2011-இல் இலியாஸ் ஃபாரா, கருதுகோளோடு ஒத்துப்போகாத வேறொரு ஆக்சியத்தை எடுத்துக்கொண்டால் ஆம் என்று காட்டினார். அதற்கும் முன்னால் 1976-இல், காப்லான்ஸ்கி கேட்டிருந்த ஒரு தொடர்ச்சிக் கேள்விக்கு டேல்ஸும் எஸ்டெர்லும் கருதுகோளை வைத்து எதிருதாரணம் கட்டினார்கள். எதிருதாரணமே இல்லாத உலகமும் உண்டு என்று சோலவேயும் வுடினும் காட்டினார்கள்.

இந்த உதாரணங்களில் யாருடைய உழைப்பும் வீணாகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஃபாராவின் கட்டுரை ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸில் வந்தது, எங்கள் துறையில் அதற்கு மேல் ஒரு இதழ் கிடையாது. "இரண்டு பக்கமும் நிரூபிக்க முடியாது" என்பது ஒரு தேற்றம், அதை வைத்து முனைவர் பட்டம் வாங்கலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: ஒருவர் மூன்று வருஷம் நேரடி நிரூபணம் தேடிக்கொண்டிருக்கும்போது, அது கிடைக்காது என்று செட் தியரி தெரிந்த ஒருவர் பத்து நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அதனால் அவர் வழிகாட்டியிடம் "இந்தக் கேள்வி கருதுகோளைச் சார்ந்திருக்க வாய்ப்பு உண்டா" என்று நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது. வழிகாட்டிக்கு அதில் பழக்கம் இல்லாவிட்டால், செட் தியரி தெரிந்த யாருக்காவது ஒரு மின்னஞ்சல் போடலாம். இப்படிக் கேள்விகளுக்கு அந்தத் துறைக்காரர்கள் பெரும்பாலும் ஆர்வமாகவே பதில் எழுதுவார்கள், அனாலிசிஸ்காரர்கள் தங்களைத் தேடி வருவது அவர்களுக்கு அபூர்வம்.

இதுவரை சொன்னவற்றில் தேற்றங்கள் எல்லாம் நிரூபணமானவை. ஆபத்தின் அறிகுறிகள் என் அனுபவக் கணக்கு, விதிவிலக்குகள் இருக்கும். கருதுகோளுக்கு "உண்மையில்" பதில் இருக்கிறதா என்பது மூன்றாவது வகை. கோடல், அது பொய், சரியான புதிய ஆக்சியங்கள் ஒருநாள் அதைக் காட்டும் என்று நம்பினார். இன்னும் சிலர், கணங்களின் உலகங்கள் பல, ஒன்றில் உண்மை, ஒன்றில் பொய், அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்கிறார்கள். உங்களுக்கு உறுத்திய அந்தப் பழைய கேள்வி இங்கேதான் நிற்கிறது, ஆய்வகத்தில் இருக்கும் செல்லைப் போல ஒன்று அங்கே இருக்கிறதா என்பது. நான் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்கிறேன். அதற்கு என்னிடம் நிரூபணம் இல்லை. ஷோன்ஃபீல்ட் தேற்றம் என் அன்றாட வேலையை இந்தச் சண்டையிலிருந்து ஒதுக்கிவைத்திருப்பதால் இப்படிச் சாய்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. ஆப்பரேட்டர் இயற்கணிதத்தில் வேலை செய்பவரிடம் இதே கேள்வியைக் கேட்டால் வேறு பதில் வரலாம், உங்கள் நண்பர் அந்தப் பக்கம் என்றால் அவரிடமே கேட்டுப் பாருங்கள்.